சொந்தக் கையிலிருந்து

நீதிபதி ஆங்கிலத்தில் வாசித்தார்.
வக்கீல் பரூச்சா என் காதருகே இந்தியில் சொன்னார்.
தமிழில் வந்து சேர
கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு:
செலவுத்தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம்,
இறந்தவர் சொத்திலிருந்து அல்ல,
நிர்வாகி தன் சொந்தக் கையிலிருந்து.

நிர்வாகி என்றால் நான்.
பம்பாய்த் துறைமுகத்துக் கணக்குப் பிரிவில்
முப்பத்தோரு வருஷம்
ஒரு பைசா பிசகாமல் ஏடு மூடியவள்.

அதிசயராஜ் உயில் எழுதவில்லை.
எழுதுகிற வயசா, நாற்பத்தொன்பது.
ஆண்டாப் ஹில்லில் ஒற்றை அறை,
கூட்டுறவு வங்கியில் ஆறு லட்சத்துச் சொச்சம்,
சாவி தொலைந்த ஒரு ஸ்கூட்டர்.
இவ்வளவுதான் தம்பி விட்டுப்போனது என்று
சத்தியம் செய்து பட்டியல் கொடுத்தேன்.
பட்டியலில் இல்லாத சுனந்தா
பதினோராம் நாள் வந்தாள்,
ஆபரேஷனுக்குத் தான் கொடுத்த
இரண்டு லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டோடு.

கீழே அவன் கையெழுத்து.
முடிவில் இரண்டு புள்ளி, அப்புறம் ஒரு இழுப்பு.
பள்ளிக்கூட நாளில்
நான் ஸ்கேலால் அடித்தும் போகாத இழுப்பு.
பார்த்ததுமே தெரிந்தது.
தெரியாது என்று பிரமாணப் பத்திரத்தில் சொன்னேன்.

ஏனென்றால்
சயான் ஆஸ்பத்திரிப் படிவத்தில்
உறவு என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தாள்,
மனைவி.
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
அவன்கூட.

பிறகு ஏழு வருஷம்.
கையெழுத்து நிபுணருக்கு, வாய்தாவுக்கு, நகலுக்கு,
எல்லாச் செக்கும் அவன் சொத்துக் கணக்கில்.
ஒவ்வொன்றைக் கிழிக்கும்போதும்
அவனே காசு கொடுத்து
போயிட்டு வாக்கா என்று அனுப்புகிற மாதிரி இருக்கும்.
ஒருதரமும் அவன் மறுக்கவில்லை.
தூத்துக்குடியிலிருந்து பொன்சிங்தான் போன் போட்டான்:
"அதுல பாதி என் பங்கு.
அண்ணன் காசைத் தின்னது வக்கீலா, நீயா?"
வைத்துவிட்டேன்.

இப்போது கோர்ட் சொல்கிறது
அந்தக் கூலியையும் கணக்கில் திருப்பிக் கட்டு என்று.
தெரிந்தே பொய்யென்று மறுத்த வழக்குக்கு
இறந்தவன் ஏன் செலவழிக்க வேண்டும்?
கேள்வி நியாயம்தான்.
என் ஏட்டில் ஒரு குமாஸ்தா இப்படிப் பற்று எழுதியிருந்தால்
சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

மாடிப்படியில் சுனந்தா நின்றாள்.
தலை நரைத்திருந்தது, இருவருக்கும்.
ஜெயித்தவள் என்ன சொல்வாள் என்று
பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.
"ஸ்கூட்டர் இன்னும் இருக்கா?" என்றாள் இந்தியில்.
இருக்கிறது, துருப்பிடித்து.
"சாவி என்கிட்டதான் இருக்கு."
வேறொன்றும் சொல்லவில்லை.
கூட்டத்தில் சர்ச்கேட் பக்கம் போய்விட்டாள்.
எனக்கு எதிர்த் திசை, ஹார்பர் லைன்.

மறுநாள் என் பென்ஷன் வங்கி.
டிராப்ட் படிவத்தில்
பெறுபவர் என்ற இடத்தில் அவள் பெயரை
எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன்;
ஏழு வருஷம் எதிர்மனுதாரர் என்றே எழுதிய கை.
செலுத்துபவர் இடத்தில், பழக்கதோஷம்,
"காலஞ்சென்ற அதிசயராஜ் சொத்து நிர்வாகி"
என்று தொடங்கிவிட்டேன்.
கவுண்டர்ப் பெண் அடித்துவிட்டு
புதுப் படிவம் நீட்டினாள்.
"கணக்கு உங்களோடது.
உங்க பேர் மட்டும் போடுங்க, மாஜி."

ஜெபக்கனி.
எழுதிய பிறகும்
கோடு நிறைய மிச்சமிருந்தது.