ஏழு நிமிடம் தாமதம்

இந்த நாட்டில் கார் வலப்பக்கம் ஓடும்,
ரயில் மட்டும் இடப்பக்கம்.
தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரர்கள்
கப்பலேறும்போது பழக்கத்தை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.
அதனால் வில்யா ஓம்புக்குப் புதிதாய் வருகிறவர்
முதல் நாள் தவறான நடைமேடையில்தான் நிற்பார்.
கைதட்டிக் கூப்பிடுவேன்:
"புவெனஸ் அயர்ஸ் போக இந்தப் பக்கம் வாங்க!"
வந்து, மூச்சு வாங்க, ஒரு சிப்பா வாங்குவார்.
பத்தொன்பது வருட வியாபாரத்தில்
பாதி, அந்தக் குழப்பம் போட்ட படி.

சிப்பா என்றால் மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும்.
ஆற்றுக்கு அக்கரை, பராகுவே பண்டம்.
நானும் அக்கரைதான். ஒப்துலியா என்று பெயர்.
ஸ்டேஷனில் யாருக்கும் அது தெரியாது.
"சிப்பா" என்றால் திரும்பிப் பார்ப்பேன்.

தூண்கள் ஒன்பது.
எட்டின் அடியில் லிவர்பூல் என்று புடைத்த எழுத்து.
மாடு ஏற்றிய பெட்டி தடம் புரண்டு
ஒன்பதாவதை இடித்துத் தள்ளியதாம்.
உள்ளூர்ப் பட்டறையில் புதிதாய் வார்த்தார்கள்.
மழைத் தண்ணீர் தூணுக்குள் இறங்க வேண்டும்,
எட்டும் தலையில் கொட்டும்.
ஒழுகாதது அந்த மொட்டைத் தூண் ஒன்றுதான்.
என் கூடை அங்கேதான்.

பெண்கள் காத்திருக்கத் தனி அறை இருந்தது,
கதவின் மேல் கண்ணாடியில் இன்னும் எழுதியிருக்கிறது.
உள்ளே இப்போது மின்பெட்டிகள்.
தலைக்கவசம் போட்ட ஆண்கள் போய் வருகிறார்கள்,
எனக்கு அனுமதி இல்லை.

சீட்டு ஜன்னலின் பளிங்கில் ஒரு குழி,
நாணயம் தேய்த்த குழி.
நெலிதா பிராகமோந்தே அதன் பின்னால் முப்பத்தோரு வருடம்.
விலைவாசி ஏறி, காசெல்லாம் நோட்டானதும்
குழி வளர்வது நின்றுபோனது.
பிறகு அட்டை வந்தது.
நெலிதாவும் நின்றுபோனார்.

பழைய அலுவலகத்தைக் காலி செய்த அன்று
குப்பையோடு வெளியே வந்தன பதிவேடுகள்.
கெட்டித் தாள், நல்ல தாள்.
எனக்குச் சிப்பா மடிக்கத் தாள் இல்லாத மாதம் அது.
சொல்ல வெட்கம்தான்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளை
நான் சூடாக விற்றேன்.
அறுபதுகளில் வெண்ணெய்க் கறை.
ஒரு வேலைநிறுத்தம் முழுவதும்
பள்ளிக்கூடப் பையன்களின் கைக்குப் போனது.

அப்புறம் ஒரு நோட்டு.
கம்பெனி கைமாறிய வருடம்,
எங்கள் கிளைப்பாதையில் வண்டி நிறுத்திவிட்டார்கள்.
நிலைய அதிகாரி வென்செஸ்லாவோ குயிந்தேரோஸ்
அப்போதும் காலையில் வந்திருக்கிறார்.
5.42: வண்டி இல்லை.
6.10: வண்டி இல்லை.
6.38: வண்டி இல்லை.
பக்கம் பக்கமாய், பதினொரு மாதம்,
ஒரே சாய்வு எழுத்து.
ஒரு நாள் மட்டும் ஓரத்தில்: "நாய் குட்டி போட்டது, நான்கு."
சம்பளம் வந்ததா என்று எங்கும் எழுதவில்லை.

ஆகஸ்ட் ஒன்பது.
5.42: வண்டி இல்லை.
அதை ஒரு கோடு அடித்திருக்கிறார்,
பேனா தாளைக் கிழித்திருக்கிறது.
மேலே:
வந்தது. ஏழு நிமிடம் தாமதம்.

அந்தப் பக்கத்தில் யாருக்கும் மடித்துக் கொடுக்கவில்லை.
அன்று சிப்பாவைக் கையில்தான் கொடுத்தேன்.
சுட்டது என்று திட்டினார்கள்.

இப்போதைய வசதிகள் கேட்கிறீர்களா?
மணிக்கு இரண்டு வண்டி, ஞாயிறு ஒன்று.
லிஃப்ட் உண்டு, ஓடாது.
கழிப்பறைச் சாவி காவலர் இபார்ராவிடம்,
இபார்ரா எங்கே என்று என்னிடம் கேட்க வேண்டும்.
கடிகாரம் இரண்டு, இரண்டும் வேறு நேரம்.
ஒலிபெருக்கி "தாமதம்" என்று மட்டும் சொல்லும்,
எவ்வளவு என்று சொல்லாது.

தூணடியில் கூட்டம் என்னைப் பார்க்கும்.
"ஏழு நிமிடம்" என்பேன்.
சில நாள் சரியாகவும் இருக்கும்.