மிச்சம்

ஊரின் பெயரே மிச்சம்.
லண்டன் தின்று முடித்த பிறகு
தட்டின் ஓரத்தில் கிடப்பது என்று
வந்த புதிதில் சிரித்திருக்கிறோம்.

வியாழன் காலை ஏழரை.
கிளீவ்லி ரோட்டில், தபால்பெட்டிக்குப் பக்கத்தில்
மஞ்சள் ஜாக்கெட் போட்ட நாலு பேர்.
முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மார்ஜரி பெல்.
மருந்துக்கடை ஒலுமிடே.
எந்தக் காரையும் மன்னிக்காத ஓர் இளம் பொலிஸ்காரன்.
நான்.

வேகம் பார்க்கும் துப்பாக்கி என் கையில்.
அதன் பெயரை அக்காவிடம் போனில் சொல்லவில்லை.
தலைமயிர் காயவைக்கிற மெஷின் மாதிரி ஒன்று
என்றுதான் சொல்லிவைத்தேன்.

வாசிப்பது நான், எழுதுவது மார்ஜரி.
இருபதைத் தாண்டினால்
இலக்கம், நேரம், நிறம்.
அபராதமில்லை, ஒரு கடிதம் போகும், அவ்வளவுதான்.

வரமாட்டேன் என்று இரண்டு மாதம் நின்றவள் நான்.
தெருவோரம் நின்று
ஆட்களைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தவனை,
சாக்கால் முகம் மூடித் தலையாட்டியவனை,
நாங்கள் என்னவென்று அழைத்தோம் என்பதை
மார்ஜரிக்கு எந்தப் பாஷையில் சொல்ல?
ஒரு நாள் சொன்னேன், பாதி.
பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.
"எங்கள் முகம் திறந்துதானே இருக்கிறது" என்றாள்.
அது பதில்தானா என்று இன்றும் தெரியாது.
ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

கவுன்சிலிடம் நாங்கள் கேட்டது
பள்ளிக்கூட வாசலில் ஒரு பாதசாரிக் கடவை.
இருநூற்றுப் பதினொரு கையெழுத்து.
பதிலோடு ஓர் அட்டவணை வந்தது:
மரணத்துக்கு இத்தனை புள்ளி,
எலும்பு முறிவுக்கு இத்தனை.
ஸ்கூட்டரோடு விழுந்த இட்ரிஸின் மணிக்கட்டுக்கு
எங்கள் தெருவுக்கு மூன்று.
பூனைகள் கணக்கில் இல்லை.
"இன்னும் கொஞ்சம் செத்துக்காட்ட வேண்டும்" என்றான் ஒலுமிடே,
சிரிக்காமல்.

அந்த வியாழன், எட்டு பத்துக்கு
ஒரு வெள்ளை வான்.
முப்பத்து நாலு, என்றேன்.
எல்.கே. பதினாலு என்று தொடங்கி
கடைசி மூன்று எழுத்தையும்
பார்க்காமலே சொன்னேன்.
இன்சூரன்ஸ் பத்திரத்தில், பார்க்கிங் தண்டத்தில்
எத்தனை தரம் எழுதிய இலக்கம்!
சொல்லி முடித்த பிறகுதான்
கதவில் எங்கள் கடையின் பெயர் கண்ணில் பட்டது,
மீன்பெட்டிகள் குலுங்கும் சத்தமும் கேட்டது.

மார்ஜரி எழுதிவிட்டாள்.
நிறம்? என்றாள்.

ஒரு மூச்சு நேரம் இருந்தது.
அழி என்றால் அழித்திருப்பாளோ.
வெள்ளை, என்றேன்.

பதினோராம் நாள்
திரு. குலவீரசிங்கம் பெயருக்குக் கடிதம்.
இரண்டு தரம் வாசித்தார்.
"வியாழக்கிழமை."
"ஓம்."
"எட்டு பத்து."
"ஓம்."
"கெதியாப் போகாட்டி மீன் பழுதாய்..." என்று தொடங்கியவர்
வான் நிறைய ஐஸ் இருப்பது
இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வர
நிறுத்தினார்.
பிறகு இரண்டு கிழமை
உப்பு, சில்லறை, திறப்பு எங்கே, இவைதான் பேச்சு.

இப்போது அந்த வான் பத்தொன்பதில் போகிறது.
நீ நிற்கும் நாளில் மட்டுமா என்கிறான் ஒலுமிடே.
நானும் அதைத்தான் யோசிக்கிறேன்.

கடவை வரவில்லை.
ஏப்ரலில் ஒரு கம்பம் நட்டார்கள், கொஞ்சம் சரிவாக.
உச்சியில் ஒரு மின்முகம்,
மெதுவாக வந்தால் சிரிக்கும்
வேகமாக வந்தால் உதட்டைப் பிதுக்கும்.
அதை அழவைத்துப் பார்க்க
மேட்டிலிருந்து சைக்கிளில் பாய்கிறார்கள் பையன்கள்.
முதல் ஆள் இட்ரிஸ்தான்,
முறியாத கையால் பிடித்தபடி.

பொலிஸ்காரனை வேறிடம் மாற்றிவிட்டார்கள்.
மார்ஜரிக்கு முழங்காலில் ஒப்பரேஷன்.
எழுத ஆள் வேண்டும்.

வியாழன் ஏழரை, தபால்பெட்டிக்குப் பக்கத்தில்.
ஒரு ஜாக்கெட் மிச்சம்.