தெரிந்தவரா?

ஜூனில் அந்த வீட்டுக்குக் கதவு என்று ஒன்று
இருப்பதே மறந்துபோகும் எங்களுக்கு.
இரவு பதினொன்றுக்கும் வெயில்
ஏரியைக் கடந்து படிவரை வந்து நிற்கும்.
கொசுத்திரை மட்டும் போக வர அடித்துக்கொள்ளும்.
பிள்ளைகள் நீரிலிருந்து ஓடிவந்து
மறுபடி நீருக்கே ஓடுவார்கள்.
தரைப்பலகையில் காயாத காலடிகள்.
யாரும் எதையும் பூட்டுவதில்லை.
இருட்டே வராத ஊரில்
திருடன் எந்நேரம் வருவான்?

செப்டம்பரில்தான் பூட்டு ஞாபகம் வரும்.
படகைக் கவிழ்த்துப் பைன் மரத்தோடு சங்கிலி.
பம்பில் ஒரு சொட்டு நீர் மிஞ்சக்கூடாது.
மெத்தைகளைக் கயிற்றில் தூக்கிவிடுவோம், எலிக்கு எட்டாமல்.
ஜன்னல்களுக்குப் பலகை. கொக்கிகள் ஒன்பது.
எண்ணுவது எஸ்கோ. எட்டில் நிறுத்திவிடுபவரும் அவரே.

போன குளிர்காலத்துக்கு முந்தையதில்
யாரோ புகுந்து படகு மோட்டாரைக் கொண்டுபோனார்கள்.
காப்பி போட்டுக் குடித்து
கெண்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள்.
மோட்டாரைவிட
அந்தக் கழுவிய கெண்டிதான்
என் தூக்கத்தைக் கெடுத்தது.
காப்பீட்டுக்காரர் சொன்னபடி
பூட்டை மாற்றினோம்.
மரத்தில் ஒரு கேமரா கட்டினோம்.

அதன்பின் லஹ்தியில், மூன்றாவது மாடியில்,
தலையணைக்கடியில் அதிரும் அந்த ஏரிக்கரை.
அசைவு, என்று சொல்லும்.
பார்த்தால் பனி.
அசைவு.
முயல்.
அசைவு.
பனி சுமந்த கிளை ஒன்று
பாரம் இறக்கிவிட்டு நிமிர்கிறது.

ஜனவரி பதினெட்டு. மணி ஒன்றே கால்.
உறைந்த ஏரிமேல் ஒரு விளக்கு ஆடி ஆடி வந்தது.
பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுவரில் சாய்த்தான்.
வலது, பிறகு இடது.
முகம் தெரியுமுன்பே தெரிந்துவிட்டது எனக்கு.

தௌனோ.
தன் பங்கை எங்களுக்கே விற்றவன்.
விலை குறைவு என்று சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டான்,
ஊற்றி வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனான்.
நான்கு வருடம்.

உள்சட்டையிலிருந்து சாவியை எடுத்தான்.
நுழைத்தான். நுழையவில்லை.
எடுத்து உள்ளங்கையில் பொத்தி ஊதினான்.
பூட்டு உறைந்துவிட்டது என்று நினைக்கிறான்.
தீக்குச்சி கிழித்துத் துவாரத்தில் காட்டினான்.
இரண்டாவது குச்சி.
மூன்றாவதன் வெளிச்சத்தில்
பூட்டின் மினுமினுப்பைப் பார்த்திருக்க வேண்டும்.
குச்சி விரல்வரை எரிந்தது.
அவன் அசையவில்லை.
அசைவு இல்லையென்று
கேமராவும் கண்ணை மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தபோது
வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
ஒவ்வொரு பலகையாக இழுத்துப் பார்க்கிறான்.
ஏரிப்பக்கம் ஒன்று ஆடியது,
எஸ்கோ எண்ணாத ஒன்பதாவது.
கையுறையைக் கடித்துக் கழற்றி
வெறும் விரலால் கொக்கியை மாட்டினான்.
அடித்தான், இரண்டு அடி. கேட்கவில்லை,
ஆனாலும் எனக்குக் கேட்டது.
படியின் பனியைக் காலால் தள்ளினான்.
போய்விட்டான்.

திரை கேட்டது:
இவர் தெரிந்தவரா?
ஆம். இல்லை.
இரண்டே பொத்தான்கள்.

'என்ன அது?' என்றார் எஸ்கோ பாதித் தூக்கத்தில்.
'முயல்' என்றேன்.

மே மாதம் பனி இறங்கியதும்
படியோரம் கிடந்தன மூன்று குச்சிகள்.
பெருக்கும்போது
அவற்றை மட்டும் சுற்றிப் பெருக்கினேன்.
ஊர் திரும்பி, சாவிக் கடையில்
எத்தனை பிரதி என்று கேட்டார்கள்.
எங்களிடம் இரண்டு இருந்தன, போதும்.
ஒன்று, என்றேன்.

உறை, முகவரி, தபால்தலை எல்லாம் ஆயிற்று.
கூட ஒரு வரி எழுதலாமா என்பதில்தான்
வாரங்கள் போகின்றன.

இதோ ஜூன்.
கதவு அகலத் திறந்து கிடக்கிறது இரவெல்லாம்.
யாருக்கும் சாவி தேவையில்லாத மாதம்.
கொசுத்திரை அடிக்கும்போதெல்லாம்
தலையைத் தூக்குகிறேன்.
பிள்ளைகள்தான்.