பக்கம் 114

எண்ணூர் சாம்பல் குளத்துக்கு மேல்
மூன்று வெளிச்சம். சத்தமில்லை.
கால் மணி நேரம் நின்றதாம்.
பார்த்தது, ஐஸ் ஃபேக்டரி இரவு ஷிப்ட் முடிந்து வந்த
செலஸ்தீனா.

"என்ன தொலைஞ்சது?" என்றார் ஸ்டேஷன் ரைட்டர்.
தொலையலீங்க, வந்தது.
வந்ததற்குப் படிவம் கிடையாது.

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித்
தகவல் மனு எழுதிக் கொடுத்தவன் நான்.
அன்று பலூன் விடவில்லை என்றது வானிலை மையம்.
துறைமுகத்திலிருந்து மட்டும் நாலு வரி:
இரவுப் பதிவேடு, பக்கம் 114,
மழையில் நனைந்ததால் வாசிக்க இயலவில்லை.
பங்குனியில் மழை.

டிவியில் நாலு பேர் மோதிக்கொண்டார்கள்.
அந்தம்மா குடிப்பாங்களா என்றார் ஒருவர்.

அவள் மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள்.
எனக்குத்தான் தூக்கமில்லை.
அழிவதற்காகவாவது
அந்தப் பக்கத்தில்
ஏதோ எழுதியிருக்கிறார்கள்.