நாற்பத்திரண்டு எழுத்துக்குள்

வசன வரி ஒன்றுக்கு நாற்பத்திரண்டு எழுத்துதான் அளவு.
திரையில் மூத்த மகன் சொல்கிறான்:
‘தம்பிய கொஞ்சம் விட்டுப் பிடிங்கப்பா.’

‘ஈஸ் ஆஃப்’ என்று போட்டேன்.
ஃபெடரல் ஹைவேயில்
எண்ணெயிலிருந்து கால் எடுப்பதுபோல் இருந்தது.
‘லெட் அப்’
வெளியே பங்சாரில் கொட்டுகிறதே, அதற்குச் சொல்வது.
‘காம் டவுன்’ கேட்டு
எந்த அப்பா அடங்கியிருக்கிறார்?

ஹெட்ஃபோனைக் கழற்றாமலே ஹஃபிஸா,
“ரிலேக்ஸ்லா, குணேஸ்.”
அவளுடைய மலாய் வரி
ஏழு மணிக்கே முடிந்துவிட்டது.

எல்லாச் சொல்லிலும் விடுவது இருக்கிறது.
பிடிப்பதைத்தான் காணோம்.

கடைசியில்
‘ஈஸ் அப் அ பிட், டேட்.’
பத்தொன்பது எழுத்து, முற்றுப்புள்ளியோடு.
மிச்சம் இருபத்து மூன்றும்
காலியாகவே போகட்டும்.

செந்தூல் ரயிலுக்கு நிற்கையில்
கைப்பேசியைத் திறந்தேன்.
மத்தியானத்திலிருந்து நான் அனுப்பிய
ஐந்து ‘கெமிஸ்ட்ரி படிச்சியா?’வுக்கும் சேர்த்து
சர்வின் ஒரே பதில் போட்டிருந்தான்:
‘மா, சில்.’

அகராதி பார்க்காமல் எழுதியிருக்கிறான்.
இடமும் மிச்சம்.

‘சரிடா’ என்று அனுப்பினேன்.
ரயில் வந்தது. ஈரக் குடையை மடக்கி
ஓரமாய் உட்கார்ந்தேன்.
புத்ரா நிலையம் தாண்டும்வரை
பொறுத்திருந்துவிட்டு,

‘படிச்சியா?’