அரிசிக்குள் மூன்று நாள்

பாமணியாற்றில் விழுந்தது என்று சொன்னால்
கதை நன்றாயிருக்கும்.
துணி அலசும் வாளியில்தான் விழுந்தது போன்.
சகாயராணி அதைத் துடைத்து
ஆடுதுறை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள்.
"மூணு நாள் தொடாத."
அரசு ஆஸ்பத்திரி வார்டில் பேசுகிற அதே குரல்.

மன்னார்குடிக்கு வந்து ஆறு வருஷம்.
ஆறு வருஷமும்
கூடலூரில் எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டுத்தான்
பல் தேய்த்தேன்.
ஓர் ஐப்பசியில்
அந்த ஊர் மழையைத் திரையில் பார்த்தபடி நின்றேன்,
இங்கே கொடியில் என் துணியெல்லாம் நனைய.
நர்கீஸ்தான் ஓடிவந்து எடுத்தாள்.
அவளுடையது ஒன்றும் அதில் இல்லை.

முதல் நாள் கை சும்மா இருக்கவில்லை.
இடுப்பைத் தடவித் தடவி
இல்லாததைத் தேடியது.
ராத்திரி பிரிட்டோ வாய்ப்பாடு ஒப்பித்தான்,
ஏழாம் வாய்ப்பாட்டில் இடறினான்.
"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றேன்.
"கேட்டுக்கிட்டா இருந்த?"
நான் 'ம்' போட்டால்
கேட்கவில்லை என்று அர்த்தமாம்.
ராணியிடம் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறான்.

ஜவுளிக்கடையில் பத்து மணிநேரம் நின்ற கால்களைச்
சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான்
நர்கீஸ் பேசுவாள் என்பது
இரண்டாம் நாள்தான் கண்ணில் பட்டது.
குதிகாலெங்கும் வெடிப்பு.
வேப்பெண்ணெய் சூடாக்கித் தடவினேன்.
நன்றியெல்லாம் சொல்லவில்லை அவள்.
மற்றக் காலையும் என் மடியில் வைத்தாள்.

ஒரே ரத்தமில்லை, ஒரே சாமியுமில்லை.
ஒரே அட்வான்ஸ், மூன்றாய்ப் பிரித்துக் கட்டியது.
"என்ன உறவு?" என்றார் வீட்டுக்காரர், அன்றைக்கு.
"அக்கா தங்கச்சிங்க" என்றாள் ராணி.
மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
வாடகை தேதி தவறுவதில்லை, விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள்
சார்ஜ் துளையில் சிக்கிய குருணையை
ஊக்கால் நெம்பினான் பிரிட்டோ. உயிர் வந்தது.
முத்துப்பேட்டை நெத்திலிக் குழம்புக்கு நடுவே அம்மா.

"சாப்பிட்டியா?"
"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."
"இருக்கோமா? யாரெல்லாம்?"

பெயர்களைச் சொன்னேன்.
பிரிட்டோ தன் பெயரைத் தானே கத்தினான்.
அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவளுக்குப் பின்னால் தகரத்தில் மழை கேட்டது.
இல்லை,
அது இங்கே.

"அப்புறம் பேசறேம்மா, கொடியில துணி கிடக்கு."

எச்சில் கையோடு ஓடினேன்.
ராணியின் யூனிஃபார்ம், நர்கீஸின் துப்பட்டா,
பிரிட்டோவின் டவுசர் இரண்டு.
என்னுடையது எதுவென்று
பார்க்கவில்லை.