பிற்பகல் 9:52

வெளியே இருட்டி ஒரு மணி நேரம் ஆகிறது.
ஒயிட்ஃபீல்டில் ஆறாம் மாடிக் கண்ணாடியில்
என் முகமும் குழல்விளக்கும்தான் தெரிகின்றன.
சோதனைக் கணினியின் மூலையில் கடிகாரம்
பிற்பகல் 7:40 என்கிறது.

என் வேலை, மொழியைத் தமிழில் நிறுத்தி
நாட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது.
தமிழ், இந்தியா என்றால் லட்சத்தில் காற்புள்ளி விழும்.
தமிழ், சிங்கப்பூர் என்றால் அதே பணம்
மும்மூன்றாய்ப் பிரிந்து மில்லியன் பக்கம் போகும்.
இலங்கைத் தமிழில் வாரம் திங்களில் பிறக்கும்,
கடிகாரம் இருபத்து நான்கு வரை எண்ணும்.
பட்டியலில் கோலார் தங்கவயல் இல்லை.
நானும் தேடியதில்லை,
ஒரே ஒருமுறை தவிர, சாப்பாட்டு நேரத்தில், சும்மா.

போன மாதம்
ரத்துசெய் என்ற பொத்தானில்
ய் மட்டும் விளிம்புக்கு வெளியே நின்றது.
வழு என்று பதிந்தேன். மறுநாளே தீர்த்தார்கள்,
எழுத்தைச் சிறிதாக்கி.

இன்று இதைப் பதிந்தேன்.
எதிர்பார்த்தது: இரவு 7:40.
கிடைத்தது: பிற்பகல் 7:40.
முக்கியத்துவம்: குறைவு.
அந்தப் பட்டியலில் குறைவுக்குக் கீழே வேறொன்றும் இல்லை.

அதிகாலை, மதியம், மாலை, அந்தி மாலை, இரவு
எல்லாம் அதே கோப்புக்குள்தான் இருக்கின்றன.
யாரோ பொறுமையாகத் தட்டி வைத்திருக்கிறார்கள்.
திரை கூப்பிடுவதில்லை.
சூரியன் உச்சிக்கு வருமுன், வந்தபின்,
அதற்கு இரண்டு போதும்.

பக்கத்து இருக்கையில் கன்னடம் பார்க்கும் நாகவேணி
முறுக்கை உடைத்துப் பாதியை நீட்டினாள்.
எங்களுக்கும் ராத்திரி அபராஹ்னதான், பிடு, என்றாள்.
பிடு என்றால் கன்னடத்தில் விடு.
பள்ளி முழுக்கக் கன்னடத்தில் படித்தும்
என் காதில் அது முதலில்
பிடி என்றுதான் விழும்.

கிருஷ்ணராஜபுரம் நடைமேடை.
தொங்குபாலத்தின் கம்பிகளில் மஞ்சள் வெளிச்சம்.
மாரிக்குப்பம் வண்டி தாமதம் என்று
மூன்று மொழிகளில் சொல்லி முடித்தது ஒலிபெருக்கி.
ஏதோ அடுக்ககத்தின் காவலாளி,
சட்டைப்பை அட்டையில் ஏசுபாதம் என்று பெயர்,
என் கையில் தமிழ்த் திரையைப் பார்த்துவிட்டுத்
தன் போனை நீட்டினார்.

இது ரிப்பேரா மேடம்?
மணி சரியாக் காட்டுது,
பொழுதத் தப்பாக் காட்டுது.

மூன்று பத்தியில் நான் மென்று எழுதியது.

பிற்பகல் 9:52.

இல்லைங்க, சரியாத்தான் இருக்கு, என்றேன்.
எங்கிருந்து வந்தது அது என் வாயில்!
வழு எழுதியவளே வக்கீலாகி
பகலுக்குப் பின்னாடி வர்றதெல்லாம் பிற்பகல்தானே என்றேன்.

கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தார்.
அப்ப நாளைக்குக் காலையும்
இன்னைக்குப் பகலுக்குப் பின்னாடிதானே?

நான் அமைப்புகளுக்குள் நுழைந்தேன்,
தேதியும் நேரமும்,
24 மணி வடிவம்,
விசையை வலப்பக்கம் தள்ளினேன்.

21:54.

ஆங், என்றார். பிறகு விரல்விட்டு
பன்னிரண்டைக் கழித்தார், உதடு அசைய.
பின்னொட்டாக இருந்த அந்தச் சொல்லின் இடத்தில்
அவருடைய மகள்களின் படம்தான் தெரிந்தது,
யாரோ கல்யாண வீட்டில் எடுத்தது,
இளையவள் கண்ணை மூடியிருந்தாள்.

வண்டி வந்தது. உட்கார இடமில்லை.
பங்காருபேட்டைக்கு எத்தனைக்குப் போகும் என்றேன்.
பதினொண்ணே கால் ஆயிடும், என்றவர்
சிரிக்காமல் சேர்த்தார்: பிற்பகல்.

கதவோரம் நிற்கையில் மின்னஞ்சல் வந்தது.
வடிவமைத்தபடியே உள்ளது. மூடப்பட்டது.

மறுபடி திறந்தேன்.
குறிப்பு எழுதும் பெட்டியில், மொழிபெயர்க்காமல்,
பொழுதத் தப்பாக் காட்டுது
என்று அவர் சொன்னபடியே தட்டினேன்.
சொல்திருத்தி ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே
சிவப்பாய் நெளிகோடு போட்டது.
அப்படியே அனுப்பினேன்.

முக்கியத்துவம்: குறைவு.
அதை மாற்ற எனக்கு அனுமதி இல்லை.